ஒரு மாசம், மூணு புத்தகம்
(காரைக்குடி ஐடி விங் கூட்டத்தில் பேசியது)



போன மாசம் மூணு புத்தகம் படிச்சேன். மூணும் வேற வேற ரகம்.

கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்', கரிசல் மண்ணில் குடியேறிய மக்களின் கதை.

ஏ.கே.செட்டியாரின் 'அண்ணல் அடிச்சுவட்டில்'. நம்ம கோட்டையூர்க்காரர், காந்தி பற்றிய படச்சுருள்களை உலகமெல்லாம் தேடிச் சேர்த்து 1940-ல் ஆவணப்படமாக வெளியிட்ட அனுபவம்.

மூணாவது, அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு'. 1936-ல் லாகூர் மாநாட்டுக்கு எழுதிய தலைமையுரை. மாநாடு ரத்தாச்சு, சொந்தச் செலவில் அச்சடிச்சார். காந்தி 'ஹரிஜன்' இதழில் மறுத்து எழுதினார். 1937 பதிப்பில் அந்த மறுப்பையும் சேர்த்து, தன் பதிலையும் போட்டார் அம்பேத்கர்!

எதிராளி பேச்சைப் பாதி வெட்டி ஸ்கிரீன்ஷாட் போடுறது சுலபம். முழுசாப் போட்டுப் பதில் சொல்லணும்னா படிக்கணும். படிப்போம் தோழர்களே. நம்ம பக்கம் நியாயம் இருக்கும்போது வெட்ட வேண்டிய அவசியம் என்ன?