நோட்டீஸ் வந்தால் பீரோவில் பூட்டாதீர்கள்

(மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



இன்று கல்வி உதவித்தொகை பற்றிப் பேசுவதாக இருந்தது. அதை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்வோம். செல்போனில் பிட்காயின், யுஎஸ்டிடி என்று வாங்கி விற்றவர்களுக்கு வருமான வரித்துறையிலிருந்து நோட்டீஸ் வருகிறது. நம் மஹல்லாவில் நான்கு வீட்டார் அந்தக் காகிதத்தோடு அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். வராமல் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று அல்லாஹ்தான் அறிவான்.

இந்த வியாபாரம் கூடுமா கூடாதா என்ற பேச்சுக்கு நான் போகவில்லை. அது ஆலிம்களின் வேலை. அவர்களுக்குள்ளும் ஒரே கருத்து இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பலர் நோட்டீஸை மறைக்கிறார்கள். ஜமாஅத்தில் என்ன சொல்வார்களோ என்ற கூச்சம். வரித்துறை அதையெல்லாம் கேட்பதில்லை. பணம் எங்கிருந்து வந்தது, எவ்வளவுக்கு வாங்கினாய், எவ்வளவுக்கு விற்றாய், இதைத்தான் கேட்கிறது. ஒரு சகோதரர், "ஜகாத் கொடுத்துவிட்டேனே" என்றார். ஜகாத் வேறு, அரசாங்க வரி வேறு. ஒன்றைக் கொடுத்ததால் மற்றது கழியாது.

சட்டம் இதுதான். 2022 ஏப்ரல் 1 முதல் இப்படி விற்று வந்த லாபத்துக்கு 30 சதவீதம் வரி, அந்த வரியின் மேல் 4 சதவீதம் செஸ். வாங்கிய விலையைத் தவிர எந்தச் செலவையும் கழிக்க முடியாது. ஒரு காயினில் 40,000 ரூபாய் லாபம், இன்னொன்றில் 60,000 நஷ்டம் என்றால், கையில் 20,000 போய்விட்டது. இருந்தாலும் அந்த 40,000க்கு 12,480 ரூபாய் கட்டியாக வேண்டும். என்னைக் கேட்டால் இது கடுமையான சட்டம்தான். ஆனாலும் சட்டம். 2022 ஜூலை 1 முதல் விற்பனையில் 1 சதவீதம் டிடிஎஸ்ஸும் உண்டு. பிடித்த விவரம் பான் எண்ணோடு துறைக்குப் போய்விடும். "யாருக்குத் தெரியப்போகிறது" என்பது செல்லாது. 2022 ஏப்ரலுக்கு முன் விற்றதற்கு இந்த 30 சதவீதம் பொருந்தாது. அப்படியொரு வழக்கில் ஜோத்பூர் வருமான வரித் தீர்ப்பாயம் 2024இல் அதை மூலதன ஆதாயம் என்றே எடுத்துக்கொண்டது. எந்த ஆண்டுக்கான நோட்டீஸ் என்று பார்க்காமல் பயந்து பணம் கட்டிவிடாதீர்கள்.

இப்போது ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவர்கள் அனுமதியோடுதான், பெயர் வேண்டாம். கணவரை இழந்த ஒரு தாய். மகனுக்கு அப்போது 17 வயது. அவன் பெயரில் கணக்குத் தொடங்க முடியாது. உம்மாவின் பான், ஆதாரை வைத்துத் தொடங்கிவிட்டான். 80,000 ரூபாயைத்தான் போட்டான். அதையே விற்று வாங்கி, வாங்கி விற்று, ஒரு வருடத்தில் அந்த அம்மாவின் வங்கிக் கணக்கில் வந்த வரவு மட்டும் 11 லட்சம்! ரிட்டர்ன் போடவில்லை. துறையின் இணையதளத்தில் அவருக்குப் பதிவு செய்துகொடுத்த ஆன்லைன் சென்டர்காரர் தன் மின்னஞ்சலையே கொடுத்திருந்தார். நோட்டீஸ் எல்லாம் அங்கே போய்க் கிடந்தது. பதில் இல்லாததால் 11 லட்சத்தையும் கணக்குக் காட்டாத பணம் என்று எழுதிவிட்டார்கள். அந்த ஆண்டுக்கு அப்படிப்பட்ட பணத்துக்கு 60 சதவீத வரி, சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்து 78 சதவீதம். 8,58,000 ரூபாய், வட்டியும் அபராதமும் தனி. மகளிர் உரிமைத்தொகை எடுக்கப் போனபோது கணக்கு முடக்கப்பட்டது என்றார்கள். அன்றுதான் அந்த அம்மாவுக்கு விஷயமே தெரியும்.

நம்மிடம் வந்தபோது உத்தரவு வந்து 70 நாள் ஆகிவிட்டது. மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். ஆனால் தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மன்னிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. தாமத மனுவோடு 35ஆம் எண் படிவத்தில் மேல்முறையீடு போட்டோம். அதிகபட்சக் கட்டணமே 1,000 ரூபாய்தான். வசூலை நிறுத்திவைக்கப் பொதுவாக 20 சதவீதம் கட்டச் சொல்வார்கள். அதைக் குறைக்கக் கேட்டுத் தனி மனு. அந்த எக்ஸ்சேஞ்சிலிருந்து முழு வருடக் கணக்கும் எடுத்துவிட்டோம். ஒவ்வொரு விற்பனைக்கும் எதிரே வாங்கிய விலை இருக்கிறது. உண்மையான லாபம் சொற்பம். முடிவு இன்னும் வரவில்லை. துஆச் செய்யுங்கள். முதல் நோட்டீஸுக்கே இந்தக் கணக்கைக் காட்டியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமானது. அது கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியது. மதரஸாவில் எல்லோரும் ஓதியதுதான். செல்போன் வியாபாரத்துக்கு அது இல்லை என்று யார் சொன்னது?

நோட்டீஸ் உண்மையா என்று முதலில் பாருங்கள். 2019 அக்டோபர் 1 முதல் துறையின் கடிதங்களில் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும், இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். வாட்ஸ்அப்பில் மிரட்டிப் பணம் கேட்பவன் வரி அதிகாரி இல்லை. உண்மை என்றால் பதில் சொல்லும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். போதவில்லை என்றால் அந்தத் தேதிக்கு முன்பே அவகாசம் கேளுங்கள்.

உதவிக்கு வருவோம். அதிகாரியிடம் பதில் கொடுக்கும் கட்டத்தில் ஆடிட்டர் போதும். மேல்முறையீடு, தீர்ப்பாயம் என்று போனால் வரி வழக்கு தெரிந்த வக்கீல் இருப்பது நல்லது. வசதி இல்லாதவர்களுக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம், தொலைபேசி 15100. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் தர வேண்டும். அந்த அம்மாவுக்கும் அங்கேதான் மனுக் கொடுத்திருக்கிறோம். அங்கே கிடைக்கும் வக்கீல் வரி வழக்கு நடத்தாதவராக இருக்கலாம். அதனால் நம் ஆடிட்டரையும் கூட அனுப்புகிறோம்.

ஒன்றை மட்டும் நம் அலுவலகத்தில் கேட்காதீர்கள். "அந்தப் பணம் அறக்கட்டளை கொடுத்த கடன் என்று ஒரு கடிதம் கொடுங்கள்" என்று இரண்டு பேர் கேட்டார்கள். கொடுக்க மாட்டோம். அது பொய் சாட்சி. உங்கள் வழக்கோடு அறக்கட்டளையின் பதிவும் போய்விடும். நூறு பிள்ளைகளின் படிப்பு அதில் இருக்கிறது. வரி கட்ட ஜகாத் நிதியிலிருந்து தரலாமா என்பதை ஆலிம்களிடம் கேட்டிருக்கிறோம். அவர்கள் சொல்லும்வரை அதில் கைவைக்க மாட்டோம். மேல்முறையீட்டுக் கட்டணம் முடியாதவர்களுக்குப் பொது நிதியிலிருந்து கட்டுகிறோம்.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு ஆடிட்டர் அலுவலகத்தில் இருப்பார். நோட்டீஸ், பான், ஆதார், அந்த ஆண்டின் வங்கிக் கணக்கு அறிக்கை, எக்ஸ்சேஞ்சின் கணக்கு இவற்றைக் கொண்டுவாருங்கள். செல்போன் யாருடையதோ அவரும் வர வேண்டும். பாஸ்வேர்டு மகனிடம் இருக்க, வாப்பா மட்டும் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. பெண்கள் தனியாகப் பேச விரும்பினால் உள்ளறையில் ஏற்பாடு இருக்கிறது.