ஊசுட்டேரியின் பனிக்கால விருந்தினர்



புதுவை நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில் உள்ளது ஊசுட்டேரி. புதுவைப் பகுதியின் ஏரிகளுள் அதுவே மிகப் பெரியது. அதன் பரப்பு ஏறத்தாழ 800 எக்டேர். கார்த்திகை மழை ஓய்ந்து முன்பனி தொடங்கும்போது, அந்நீர்ப்பரப்பில் வடபுலத்து வாத்துகள் வந்து இறங்குகின்றன. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் என்பன அவற்றுட் சில. புதுவைக் கவிஞர்கள் இவற்றை 'விருந்தினர்' என்று பாடுவது இயல்பு. அச்சொல்லின் முழுப் பொருளையும் எண்ணிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

குளிருக்கு அஞ்சியே பறவைகள் தெற்கே வருகின்றன என்று பொதுவாகச் சொல்லப்படும். அது முழு உண்மையன்று. இறகுப் போர்வை பெரும் குளிரையும் தாங்க வல்லது. அவற்றைத் துரத்துவது பசியே. சைபீரியாவிலும் கசகசுத்தானத்திலும் உள்ள காட்டேரிகளும் சதுப்பு நிலங்களும் கோடையில் அவற்றின் ஈனும் இடங்கள். பனிக்காலத்தில் அந்நீர்நிலைகள் உறைந்துவிடுகின்றன. நீரின் மேல் பனிக்கட்டி மூடியதும், விதையும் கிழங்கும் புழுவும் அதன் அடியில் அகப்பட்டுக்கொள்கின்றன. உணவுக் களஞ்சியத்தின் கதவு சாத்தப்படுகிறது. அரைக் கிலோ எடைகூட இல்லாத நீலச்சிறகி, அப்போது பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து தெற்கே வருகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இந்தியாவில் காலில் வளையமிட்டு விடுத்த வாத்துகள் அந்நாளைய சோவியத் நாட்டில் கிடைத்தமை, இவ்வழிப் பயணத்தை ஐயமின்றிக் காட்டியது.

இச்செய்தியைத் தமிழ் இலக்கியம் வளையம் இல்லாமலேயே அறிந்திருந்தது. பிசிராந்தையார் குமரித்துறையில் அயிரை மேய்ந்து வடமலை நோக்கிச் செல்லும் அன்னத்தை விளித்து, இடையே உறையூரில் கோப்பெருஞ்சோழனைக் கண்டு செல்லுமாறு வேண்டினார். சத்திமுத்தப் புலவர், பெடையோடு குமரியாடி வடக்கே திரும்பும் நாரையிடம் தம் வறுமையைச் சொல்லி அனுப்பினார். அதன் அலகுக்கு அவர் சொன்ன உவமை பனங்கிழங்கு. உற்றுப் பார்த்தவர்க்கே அவ்வுவமை வாய்க்கும். தம் ஊர்க் குளத்தில் அந்நாரை தங்குமாறு அவர் வேண்டியதும் எண்ணத்தக்கது. புலவரின் தூது நடந்தேற ஒரு குளத்தில் நீர் இருந்தாக வேண்டும்.

அத்தகு நீர் எங்கிருந்து வந்தது? ஊசுட்டேரி இயற்கை தந்த காட்டு நீர்நிலை அன்று. அது பாசனத்துக்காகக் கரை எழுப்பிக் கட்டிய ஏரி. சங்கராபரணி ஆற்று நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியே அதனை வந்தடைகிறது. வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பும் காலமும் வடக்கே ஏரிகள் உறையும் காலமும் அடுத்தடுத்து அமைந்தன. உழவன் சம்பாவுக்குத் தேக்கிய நீரே பறவைக்குப் புகலிடம் ஆயிற்று. மதகும் கலிங்கும் காத்தவர்கள் தம்மை அறியாமலே விருந்தோம்பினர்.

அறிந்தே ஓம்பியவர்களும் உண்டு. புதுவைக்கு வடக்கே, செங்கற்பட்டுப் பகுதியில் உள்ள வேடந்தாங்கல் மக்கள், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, தங்கள் ஏரிப் பறவைகளை எவரும் சுடலாகாது என்று ஆங்கில ஆட்சியாளரிடம் காப்புரிமை பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதை அவ்வுழவர்கள் கண்டிருந்தனர். அங்கே விருந்தும் வேளாண்மையும் ஒன்றாயின.

ஊசுட்டேரியில் பறவைகள் பசியாறும் முறையும் அறியத்தக்கது. நீலச்சிறகி பெரும்பாலும் நீரின் மேற்பரப்பில் மேய்கிறது. தட்டைவாயன் தன் அகன்ற அலகின் ஓரத்துச் சீப்புப் பற்களால் நீரை வடிகட்டி நுண்ணுயிர்களை உண்கிறது. ஊசிவால் வாத்து தலைகீழாகக் கவிழ்ந்து, தன் நீண்ட கழுத்தால் அடிச்சேற்றைத் துழாவுகிறது. இம்மூன்றும் மூழ்கி இரை தேடும் இனங்கள் அல்ல. எனவே, ஏரியின் நடுவே உள்ள ஆழத்தைவிட ஓரத்தில் உள்ள ஆழமற்ற நீரே இவற்றுக்கு உயிர்நாடி. ஆக்கிரமிப்பு முதலில் விழுங்குவதும் அவ்வோரத்தையே. குப்பையும் கழிவு நீரும் சேர்வது அங்கே. களவாக வலை விரிப்போர் மறைவதும் அங்கே. கரை முழுவதையும் செங்குத்தாக வெட்டி ஏரியைத் தொட்டி போல் ஆக்கினால், நீர் மிகுந்து நிற்கும். வாத்துக்கு உணவு எட்டாது. உல்லாசப் படகின் ஓசையும் சிறு தீமை அன்று. ஒவ்வொரு முறை கலைந்து எழும்போதும், திரும்பும் பயணத்துக்கென உடலில் சேர்த்த கொழுப்பைப் பறவை செலவழிக்கிறது.

இவ்வேரிக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. ஒரு பகுதி புதுவை ஆட்சிக்கும், பூத்துறைப் பக்கத்துப் பகுதி தமிழகத்துக்கும் உரியது. பிரெஞ்சு ஆட்சி 1954இல் நீங்கியது. அக்காலத்து எல்லைக்கோடு நீங்கவில்லை. புதுவை அரசு தன் பகுதியாகிய ஏறத்தாழ 390 எக்டேரை 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தமிழக அரசு தன் பகுதியை அறிவித்தது 2014இல். இடைப்பட்ட ஆறு ஆண்டுகள், ஒரே நீரின் ஒரு பாதியில் பறவைக்குக் காப்பு இருந்தது. மறு பாதியில் அக்காப்பு இல்லை. சிறகு கோட்டை அறியாது. இன்று இரு பாதிக்கும் அறிவிப்பு உண்டு. அறிவிப்பு ஏட்டில் இருந்தால் போதாது. வாய்க்காலிலும் கரையிலும் நடைமுறைக்கு வர வேண்டும்.

இதில் கவிஞர்க்கு என்ன பங்கு? 'பறவை' என்று பொதுவில் எழுதிக் கடந்து செல்லும் பழக்கம் புதுக்கவிதையில் பெருகியுள்ளது. பெயர் அறியாதவர்க்கு இழப்பும் தெரியாது. நீலச்சிறகி ஒரு பனிக்காலத்தில் வராமற் போனால், 'பறவை வந்தது' என்னும் வரி அப்போதும் பொய்யாகாது. அதுவே அதன் குறை. புதுவை மண்ணின் முன்னோர் அவ்வாறு எழுதவில்லை. பாரதியின் குயில் பாட்டோடு முத்தியாலுப்பேட்டை மாந்தோப்பின் பெயர் இணைந்தே வழங்குகிறது. பாவேந்தர் 'அழகின் சிரிப்பு' நூலில் புறாவையும் கிளியையும் தனித்தனியே நின்று பார்த்தார். அவர்கள் பார்த்த பின்னரே பாடினார்கள்.

'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதும் பொருள். தொல்காப்பியர் புதிய யாப்பையே விருந்து என்றார். ஆண்டுதோறும் புதிதாய் வரும் வாத்துக் கூட்டத்தை விருந்து என்பது அவ்வகையிலும் பொருத்தமே. ஆனால், விருந்தினர் என்று ஒருவரைச் சொன்ன கணமே, சொன்னவர் விருந்தோம்புபவர் ஆகிறார். வாயிலைத் திறந்து வைப்பதும் உலையில் அரிசி இருக்கிறதா என்று பார்ப்பதும் அவர் பொறுப்பு. அப்பொறுப்பை ஏலாதவர் அச்சொல்லை உவமையாக மட்டும் எடுத்துக்கொள்வது அழகன்று.

பாரதிப் பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம் இந்நகரின் அடையாளம். ஆயி என்ற பெண் தன் மாளிகையை இடித்து அவ்விடத்தில் குளம் வெட்டினாள் என்றும், முத்திரைப்பாளையத்து நீர் நகருக்கு வந்ததன் நினைவாகவே அம்மண்டபம் எழுந்தது என்றும் கதை வழங்குகிறது. வீட்டை இழந்து நீரை ஈந்தவளைத் தன் இலச்சினையாகக் கொண்ட ஊர் இது.

தொல்காப்பியம் பின்பனியையும் பாலைக்கு, அதாவது பிரிவுக்கு, உரித்தாக்கியது. பின்பனி முடியும் பங்குனியில் ஊசுட்டேரியின் வாத்துகளும் வடக்கே பிரிந்து செல்லும். அதற்கு முன் ஒரு விடியலில், இவ்வட்டத்தின் கவிஞர்கள் அவ்வேரிக் கரைக்கு ஒருமுறை சென்று வருவார்களாக. எழுதுகோல் பின்னர் எடுக்கலாம். ஓசையின்றி நின்று, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பெயர் சொல்லி எண்ணுவது முதல் வேலை. அடுத்த முன்பனியில் எண்ணிக்கை குறைந்திருந்தால், ஏன் என்று கேட்க அப்போது இவ்வூரில் சிலராவது இருப்பார்கள்.