கல் சேர்ப்போரின் மற்றைப் பொழுதுகள்

(ஜபல்பூரில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் ஏறுவதற்குரிய கல்வித் தகுதி எனக்கு இல்லை. நான் பத்தாம் வகுப்பு மட்டுமே தேறியவன். 2004 ஆம் ஆண்டில் கலாசியாக ரயில்வேயில் சேர்ந்து, துறைத் தேர்வெழுதி, இன்று பார்சல் அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவன். 'என்ன பேசுவது?' என்று செயலாளர் அவர்களைக் கேட்டேன். 'உமக்குத்தான் கல் பைத்தியம் உண்டே! அதைப் பற்றியே பேசும்' என்றார்கள். கல்லைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் நீங்கள் விருந்துக்குப் போக நேரமாகிவிடும். ஆகவே, கல் சேர்ப்போர் கல் சேர்க்காத வேளைகளில் என்ன செய்கிறார்கள் என்பதைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

நான் கல் என்று சொல்வது புதைபடிவங்களை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரமும் சிப்பியும் விலங்கும் மண்ணுள் புதையுண்டு, நாளடைவில் கல்லாக மாறியவையே புதைபடிவங்கள். நம்மில் பலருடைய வீட்டுப் பூசைப் பெட்டியில் சாளக்கிராமம் இருக்கும். கண்டகி நதியில் கிடைக்கும் அக்கல்லினுள் காணும் சக்கரம், பண்டைக் கடலில் வாழ்ந்த ஓர் உயிரின் சுருள் ஓடேயாகும். வணங்குவோர்க்கு அது திருமால். ஆராய்வோர்க்கு அது காலத்தின் கையெழுத்து. இரண்டு கண்ணாலும் அதைப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

நாம் பிழைக்க வந்து வாழும் இந்த ஜபல்பூர் இத்துறையில் சாமானியமான ஊர் அன்று. 1828 ஆம் ஆண்டில் கேப்டன் ஸ்லீமன் என்னும் ஆங்கிலேய அதிகாரி இங்குள்ள படா சிம்லாக் குன்றில் சில பெரிய எலும்புகளைக் கண்டெடுத்தார். இந்தியாவில் முதன்முதற் கிடைத்த டைனோசர் எலும்புகள் அவையே. 1877 ஆம் ஆண்டில் லைடெக்கர் என்னும் அறிஞர் அவ்விலங்கிற்கு 'டைட்டனோசாரஸ் இண்டிகஸ்' எனப் பெயரிட்டார்.

ஸ்லீமன் தக்கர்களை ஒடுக்கியவர் என்பதை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர் அந்தத் தக்கர்களின் மறைமொழிச் சொற்களையெல்லாம் கேட்டுத் தொகுத்து 1836 இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். மொரீஷியஸ் தீவிலிருந்து கரும்பினத்தைக் கொணர்ந்து இப்பகுதியில் பயிரிடச் செய்தார். எலும்பு, சொல், கரும்பு! ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றுகின்றன அல்லவா? கட்னி வழியாகச் செல்லும் வண்டியில் 'ஸ்லீமனாபாத் ரோடு' என்னும் நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் இதை நான் எண்ணிக்கொள்வதுண்டு.

அவ்வெலும்புகளுட் சில, மருத்துவர் ஸ்பில்ஸ்பரி என்பவர் வழியாகக் கல்கத்தாவிலிருந்த ஜேம்ஸ் பிரின்செப்பிடம் சென்றன. பிரின்செப்பின் உத்தியோகம் நாணயச் சாலையில் உலோகத்தை உரைத்துத் தரம் காண்பது. காசியில் பணியாற்றிய நாட்களில் அவர் அந்நகரின் துறைகளையும் தெருக்களையும் சித்திரமாக வரைந்தார். பழங்காசுகளைச் சேர்த்தார். 1837 ஆம் ஆண்டளவில் அசோகருடைய கல்வெட்டுகளின் பிராமி எழுத்தைப் படித்தறிந்து, மறந்துபோன ஒரு பெருமன்னரை உலகிற்கு மீட்டுத் தந்தார். பகலில் உலோகம் உரைத்தவர் ஓய்வில் செய்த வேலை இது.

நம் அயலூராகிய நாகபுரியில் ஸ்டீபன் ஹிஸ்லாப் என்னும் பாதிரியார் இருந்தார். பள்ளி நடத்துவதும் சமயப் பணி புரிவதுமே அவர் கடமை. ஓய்வு கிடைத்தபோது சுற்றுப்புறக் குன்றுகளில் புதைபடிவங்களைத் தேடினார். அங்ஙனம் அலைந்தபோது கோண்டு மக்களுடன் பழகி, அவர்களுடைய பாடல்களையும் பழங்கதைகளையும் எழுதி வைத்தார். 1863 இல் பண்டைக் கல்வட்டங்களைக் கண்டு திரும்பும் வழியில், வெள்ளம் பெருகிய ஆற்றில் மூழ்கி உயிர் நீத்தார். ஆயினும் அவர் எழுதிய குறிப்புகள் ஆற்றோடு போகவில்லை. 1866 இல் ரிச்சர்டு டெம்பிள் என்பவர் அவற்றைப் பதிப்பித்தார். எழுதி வைத்தமையால் அன்றோ அக்கதைகள் பிழைத்தன!

நம் நாட்டவராகிய பீர்பால் சாஹ்னியை மறக்கலாகாது. லட்சுமணபுரியில் தொல்தாவர ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியவர் அவர். அதன் அடிக்கல் 1949 ஏப்ரல் 3 ஆம் நாள் நாட்டப்பெற்றது. ஒரு வாரத்திற்குள் அவர் மறைந்தார். அவர் துணைவியார் சாவித்திரி அம்மையார் அப்பணியை நிறைவேற்றினார். கல்லான இலைகளையும் விதைகளையும் ஆராய்ந்த அப்பெரியார் சிதார் வாசிப்பார், வயலின் வாசிப்பார், களிமண்ணில் உருவம் பிடிப்பார், சதுரங்கம் ஆடுவார். 1936 இல் ரோத்தக் நகரத்து மேடொன்றில் பழங்காசு வார்க்கும் மண் அச்சுகளைக் கண்டெடுத்தார். தாவர நூலார் தமக்கு இது எதற்கு என்று தள்ளிவிடாமல், பண்டை இந்தியாவில் காசு வார்த்த முறையைப் பற்றி ஒரு நூலே எழுதி 1945 இல் வெளியிட்டார்.

கடல் கடந்தும் ஒருவரைக் கூறி இப்பகுதியை முடிக்கிறேன். இங்கிலாந்தில் லைம் ரெஜிஸ் என்னும் கடற்கரையூரில் மேரி ஆன்னிங் என்னும் ஏழைப் பெண்மணி இருந்தார். 1799 இல் பிறந்து 1847 இல் மறைந்தவர். அவருக்குக் கல் சேர்ப்பது பொழுதுபோக்கன்று, வயிற்றுப்பாடு. 1833 இல் பாறை சரிந்து அவர் கண்ணெதிரே அவருடைய நாய் மாண்டது. அவர் மயிரிழையில் தப்பினார். பெரிய பள்ளியில் படிக்க வாய்ப்பில்லாத அவர், அறிஞர்களின் கட்டுரைகளை இரவல் வாங்கி, எழுத்தையும் படத்தையும் தம் கையாலேயே படியெடுத்து வைத்துக்கொண்டார். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு இவ்வம்மையாரிடத்தில் தனி மதிப்பு உண்டு.

இவர்கள் எல்லாரும் பெரியோர்கள். சிறியவனாகிய என் கதைக்கு இனி வருகிறேன்.

என் சொந்த ஊர் அரியலூருக்கு அருகில் உள்ளது. அப்பகுதி முழுவதும் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது. அதனால்தான் அங்கே சுண்ணாம்புக்கல் இவ்வளவு மிகுதி. என் தந்தையார் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கூலி வேலை செய்தவர். நான் வேலைக்குப் புறப்பட்ட அன்று, ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட, உள்ளங்கை அளவுள்ள ஒரு கல்லை என் பெட்டியில் வைத்தார். 'வழியில் படித்துக்கொண்டு போக என்னிடம் புத்தகம் இல்லை. இதை வைத்துக்கொள்' என்றார். அதுவே என் முதற்கல்.

இங்கு வந்த பின் அந்த ஆசை வளர்ந்தது. விடுமுறை நாட்களில் நர்மதைக் கரையில் லமேட்டாத் துறைப் பக்கம் நடப்பேன். டிண்டோரி மாவட்டத்துக் குகுவாவில் உள்ள கல்மரத் தோட்டத்தைக் காண்பேன். அவ்விடத்தை 1970களில் உலகறியச் செய்தவர் மண்டலா மாவட்டத்தின் புள்ளிவிவர அதிகாரி ஒருவர் என்பதை அறிந்தபோது, அலுவலகத்தில் கணக்கெழுதும் என் போன்றோரும் இத்துறையில் பயன்படக்கூடும் என்று மகிழ்ந்தேன். அது 1983 இல் தேசியப் பூங்காவாயிற்று. அங்கே ஒரு துண்டைக்கூட எடுத்தல் குற்றம். ஆகவே நிழற்படம் எடுத்தேன். வீட்டிற்கு வந்து மரங்களின் பெயர்களைத் தேடிப் படித்தேன். அப்படிப் படித்ததனால் இன்று தெருவில் நிற்கும் மரங்களையும் பெயர் சொல்லக் கற்றேன். பின்பு தபால்தலை ஆசையும் ஒட்டிக்கொண்டது. இந்திய நிலவியல் அளவைத் துறையின் நூற்றாண்டை ஒட்டி 1951 இல் நம் அரசு இரண்டணாத் தபால்தலை ஒன்று வெளியிட்டது. அதில் 'ஸ்டெகடான்' என்னும் பண்டை யானையின் உருவம் உண்டு. அதை வாங்கி வந்த அன்று என் மனைவி, 'கல்லுக்கு ஓர் அலமாரி போதாதென்று காகிதத்திற்கும் ஓர் அலமாரியா?' என்று கேட்டாள். என்னிடம் அன்று விடை இல்லை.

2016 இல் என் தந்தையார் காலமானார். அதற்கு அடுத்த ஆண்டு, கல்லூரியில் நிலவியல் கற்பித்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என் வீட்டிற்கு வந்தார். மற்றைக் கற்களையெல்லாம் பார்த்துவிட்டு, தந்தையார் தந்த அக்கல்லை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். 'நல்ல படிவம். இது எங்கே கிடைத்தது, பாபுஜி?' என்றார். 'அரியலூர்ப் பக்கம்' என்றேன். 'அது தெரிகிறது. எந்தச் சுரங்கம்? எந்த அடுக்கு? எவ்வளவு ஆழம்?' என்றார். நான் வாய் திறக்கவில்லை. 'இடம் தெரியாத கல் அழகுப் பொருள். இடம் தெரிந்த கல்தான் சான்று' என்று சொல்லி, மெதுவாக அதைக் கீழே வைத்தார்.

அன்பர்களே! நான் பார்சல் எழுத்தர். புறப்பட்ட நிலையம், சேரும் நிலையம், எடை, தேதி ஆகிய இவற்றை எழுதாமல் ஒரு மூட்டையைக்கூட நான் ஏற்பதில்லை. முகவரிச் சீட்டுக் கிழிந்த மூட்டை, உரியவர் இல்லாப் பொருளாகக் கிடங்கின் மூலையில் கிடப்பதை நாள்தோறும் பார்ப்பவன். அத்தகைய நான், தந்தையார் கையால் தந்த கல்லுக்கு ஒரு சீட்டு எழுதவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் அவர் உயிரோடு இருந்தார். வாரந்தோறும் தொலைபேசியில் பேசினோம். மழை பெய்ததா, மாடு கன்று ஈன்றதா என்றெல்லாம் கேட்டேன். இதை மட்டும் கேட்கவில்லை.

அன்றிரவே ஊரிலுள்ள பெரியப்பாவுக்குப் பேசினேன். அவர் சொன்னார்: 'உங்கப்பன் மூன்று குழியில் வேலை பார்த்தான். ஒன்றில் இப்போது தண்ணீர் நிற்கிறது. எந்தக் குழியில் எடுத்தானோ, அவனுக்குத்தான் தெரியும்.'

அக்கல்லுக்கு இப்போது ஒரு சீட்டு உண்டு. அதை எழுதியவள் என் மகள். அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், எழுத வராது. கற்களுக்குச் சீட்டு எழுதும் வேலையை அவளிடம் ஒப்படைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் சொல்லச் சொல்ல எழுதுவாள். இக்கல்லின் சீட்டில், 'அரியலூர் வட்டாரம். குளி தெரியாது. கொடுத்தவர் தாத்தா' என்று எழுதினாள். தாத்தாவுக்குக் குளிக்கத் தெரியாதோ என்று கேட்டு அனைவரும் சிரித்தோம். அன்றிலிருந்து அவளுக்கு ழகரமும் ளகரமும் பிசகுவதில்லை. என் மனைவியும் அப்புறம் அலமாரியைப் பற்றிக் கேட்பதில்லை.

ஸ்லீமன் எடுத்த எலும்புகளைப் பற்றிச் சொன்னேன். அவை நெடுங்காலம் தொலைந்தனவாகவே கருதப்பட்டன. 2012 இல், கல்கத்தாவிலுள்ள நிலவியல் அளவைத் துறையின் சேகரிப்பிலேயே மீண்டும் கண்டறியப்பட்டன. பழைய பதிவுகள் இருந்தமையால் இன்னவை என்று அடையாளம் காண முடிந்தது. ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு குறிப்பு தன் கடமையைச் செய்தது.

கல் சேர்ப்போர் ஏன் சொற்களையும் காசுகளையும் கதைகளையும் தேடிச் செல்கிறார்கள் என்பது எனக்கு இப்போது ஓரளவு விளங்குகிறது. கையில் ஒரு பொருள் கிடைத்தால், 'இது எங்கிருந்து வந்தது?' என்று கேட்கும் பழக்கம் அவர்களுக்கு வந்துவிடுகிறது. அந்தப் பழக்கம் கல்லோடு நிற்பதில்லை.

என்னிடத்திலும் அது நிற்கவில்லை. சென்ற சில ஆண்டுகளாக நான் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர் எவரைக் கண்டாலும் சில கேள்விகள் கேட்கிறேன்: எந்த ஊர்? எந்த ஆண்டு இங்கு வந்தீர்கள்? எந்த வண்டியில்? பெட்டியில் என்ன கொண்டுவந்தீர்கள்? இதுவரை பதினொருவர் சொல்லியிருக்கிறார்கள். ஓர் அம்மையார் அம்மிக்குழவியை மட்டும் துணியில் சுற்றிக்கொண்டு வந்ததாகச் சொன்னார்; அம்மி பின்னால் பார்சலில் வந்ததாம்! அப்பதினொருவரில் இருவர் இன்று நம்மோடு இல்லை.

பெரியோர்களே, உங்களிடம் என் விண்ணப்பம் ஒன்றே. விருந்து முடிந்ததும் நூலக அறையில் நானும் என் மகளும் குறிப்பேட்டுடன் அமர்ந்திருப்போம். தந்தையார் தந்த கல்லும் அங்கே மேசைமேல் இருக்கும். குழந்தைகள் தொட்டுப் பார்க்கலாம். மூத்தோர் ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் அமர்ந்து தம் ஊர்ப்பெயரையும் வந்த கதையையும் சொல்லிச் செல்ல வேண்டுகிறேன். எழுதுகிறவள் என் மகள். எழுத்துப்பிழை இருப்பின் அங்கேயே திருத்திக் கொடுங்கள்.