தந்தை இரண்டாம் முறை வெளியே வந்தார்

(வானொலி மறையுரை. தவக்காலம் நான்காம் ஞாயிறு. நற்செய்தி: லூக்கா 15:1-3, 11-32)



ஊதாரி மகன் உவமை நம்மில் பலருக்கு மனப்பாடம். சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போன இளைய மகன், எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பி வருகிறான். தொலைவிலேயே அவனைப் பார்த்துவிட்ட தந்தை ஓடிப்போய்க் கட்டித் தழுவுகிறார். புது ஆடை, மோதிரம், விருந்து. நம் சிந்தனை பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகிறது. ஆனால் வயலிலிருந்து மூத்த மகன் வருகிறான். ஆடல் பாடல் ஓசை கேட்டுக் கோபம் கொள்கிறான். வீட்டுக்குள் நுழைய மறுக்கிறான். அப்போது தந்தை மறுபடியும் வெளியே வருகிறார். இளையவனுக்காக ஒரு முறை ஓடியவர், மூத்தவனுக்காக இன்னொரு முறை வாசலைத் தாண்டுகிறார். அந்த இரண்டாம் முறையைப் பற்றி இன்று சிந்திப்போம்.

நம் தூத்துக்குடிக் கடற்கரையில் தவக்காலம் வந்தால் பலர் ஒரு தீர்மானம் எடுப்பதுண்டு. திருநீற்றுப் புதனன்று சாம்பல் பூசிக்கொண்டு, உயிர்ப்புப் பெருவிழா வரை குடிப்பதில்லை என்று சொல்வார்கள். பனிமய மாதாவின் முன் சத்தியம் செய்பவர்களும் உண்டு. அந்த நாட்களில் பிள்ளைகள் அப்பாவிடம் பயமில்லாமல் பேசும். ஆனால் பாஸ்கா இரவுத் திருப்பலி முடிந்ததும் சிலருக்கு அந்த விரதமும் முடிந்துவிடுகிறது.

அந்தச் சத்தியத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. அது நல்ல தொடக்கம். ஆனால் குடி நோயாக முற்றிவிட்ட ஒருவருக்கு மனவுறுதி மட்டும் போதாது. உலகச் சுகாதார நிறுவனம் மது அடிமைத்தனத்தை நோய்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. நாள்தோறும் குடித்துப் பழகிய உடல், திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போகக்கூடும். ஆகவே மாதாவிடம் போனவர் மருத்துவரிடமும் போக வேண்டும்.

சரி, போகிறார். சிகிச்சை பெறுகிறார். சில வாரம் கழித்துத் தெளிந்த முகத்தோடு வீடு திரும்புகிறார். அந்த வீடு எப்படி இருக்கிறது? உப்பளத்தில் வெயிலில் நின்று சம்பாதித்துப் பள்ளிக் கட்டணம் கட்டிய மனைவிக்கு அவர் பேச்சில் இன்னும் நம்பிக்கை வரவில்லை. துறைமுக வேலை முடிந்து வரப் பத்து நிமிடம் தாமதமானால், வாசலிலேயே வாடை வருகிறதா என்று பார்க்கிறார். சட்டைப் பையைத் துழாவுகிறார். "நான்தான் குடிக்கலையே, இன்னும் என்ன சந்தேகம்?" என்கிறார் கணவர். "இத்தனை வருசம் நீங்க செஞ்சது கொஞ்சமா?" என்று மனைவி தொடங்குகிறார். வீட்டுப் பொறுப்பு உடனே தம் கைக்கு வர வேண்டும் என்று அவர் நினைக்கிறார். வளர்ந்த மகனோ, "இத்தனை நாள் எங்க போயிருந்தீங்க?" என்று கேட்கிறான். சண்டை முற்றுகிறது. டாஸ்மாக் கடையோ தெருமுனையில் திறந்தே இருக்கிறது.

இந்த மனைவியும் மகனும் கல்நெஞ்சக்காரர்களா? இல்லவே இல்லை. உவமையின் மூத்த மகனைப் போல, எங்கும் போகாமல் உழைத்து வீட்டைத் தாங்கியவர்கள். அவர்கள் நெஞ்சிலும் புண் இருக்கிறது. அதற்கு யாரும் மருந்து போடவில்லை.

1935-இல் அமெரிக்காவில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவைத் தொடங்கிய இருவரில் ஒருவர் பில் வில்சன். அவர் குடியை விட்ட பிறகு ஒரு நாள், கூட்டத்துக்கு நேரமாகிறது என்று மனைவி லோயிஸை அவசரப்படுத்தினார். லோயிஸ் காலணியைத் தூக்கி அவர் மேல் எறிந்தார். கணவர் திருந்த வேண்டும் என்று வருடக்கணக்கில் ஏங்கியவர், திருந்திய பிறகு தமக்கு ஏன் இத்தனை கோபம் என்று சிந்தித்தார். குணம் தமக்கும் தேவை என்று கண்டுகொண்டார். 1951-இல் குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக ஆல்-அனான் என்ற குழுவைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

நம் தமிழ்நாட்டிலும் அப்படி ஒருவர் உண்டு. சாந்தி ரங்கநாதன் அம்மையாரின் கணவர் டி.டி. ரங்கநாதன் 1979-இல், இளம் வயதிலேயே, குடிநோய்க்குப் பலியானார். அடுத்த ஆண்டே கணவரின் பெயரில் சென்னையில் ஒரு சிகிச்சை நிறுவனத்தை அம்மையார் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று பலரும் அறிந்த இடம் அதுதான். அங்கே குடிப்பவருக்கு மட்டுமன்றி, குடும்பத்தாருக்கும் தனியாகச் சிகிச்சை நிகழ்ச்சி உண்டு. குடிப்பவர் ஒருவர் என்றாலும் நோய் வீடு முழுவதையும் பிடிக்கிறது என்பதை அனுபவத்தில் அறிந்தவர் கட்டிய மருத்துவமனை அது.

குடும்ப ஆற்றுப்படுத்துதல் என்பதன் பொருளும் இதுவே. கணவர், மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோர் ஆற்றுப்படுத்துநர் முன்னால் சேர்ந்து அமர்கிறார்கள். சில சமயம் தனித்தனியாகவும் பேசுகிறார்கள். யார் குற்றவாளி என்று தீர்ப்பளிக்க அங்கே எவரும் இல்லை. வருடக்கணக்கில் கத்தியும் அழுதும் சொன்னதை, முதல் முறையாக ஒருவர் சொல்ல மற்றவர் குறுக்கிடாமல் கேட்கிறார்.

நம் பெரியவர்கள் சொல்லும் ஒரு செய்தி இதை விளங்க வைக்கும். 1961-க்குப் பிறகு நம் முத்துப்பார்களில் சலாபம் நடக்கவில்லை. அந்நாளில் முத்துக் குளிக்க இறங்குகிறவரின் கயிற்றைப் பிடிக்க, அவருடைய மச்சானையே நிறுத்துவார்களாம். உடன்பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் பாசம் மட்டும் போதாது. மச்சானுக்குப் பதிலாக அவர் குளிக்க முடியாது. பயந்துபோய் நேரமாகுமுன்னே இழுத்தால், குளித்தவர் வெறுங்கையோடு வருவார். கயிறு அசைந்தும் கவனியாதிருந்தால் உயிர் போகும். கயிறு பிடிக்கவும் கற்றிருக்க வேண்டும்.

குடும்பம் கற்றுக்கொள்ள வேண்டியவை எவை? முதலாவது, மூடி மறைப்பதை நிறுத்துவது. போதையில் கிடப்பவருக்குக் காய்ச்சல் என்று படகுக்காரரிடம் மனைவி பொய் சொல்வதும், குடித்த கடனைத் தாய் கம்மலை அடகு வைத்து அடைப்பதும் பாசத்தால் நடப்பவை. ஆனால் அவை நோயை வளர்க்கும். இரண்டாவது, சந்தேகப்பட்டுத் துழாவுவதற்குப் பதிலாக, எல்லாரும் கூடி ஒப்புக்கொண்ட ஏற்பாடு. கூலியை யார் வைத்திருப்பது, மாத்திரையை யார் முன்னிலையில் விழுங்குவது என்று பேசி முடிவு செய்வது. மூன்றாவது, பொறுப்புகளைப் படிப்படியாகத் திருப்பித் தருவது. நான்காவது, மறுபடியும் விழக்கூடிய வேளைகளை முன்கூட்டியே அறிவது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வருகிறது. கடலுக்குப் போகாத கைகளுக்கு அந்நாட்களில் என்ன வேலை என்று இப்போதே பேசுங்கள். ஒரு முறை தவறினால் எல்லாம் போயிற்று என்று எண்ணாமல், அன்றே மருத்துவரை அழையுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றிலோ குழம்பிலோ மருந்து கலக்காதீர்கள். குடியை நிறுத்தத் தரும் சில மருந்துகளோடு மது சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அடுத்து, மன்னிப்பது என்றால் அடி வாங்கிக்கொண்டு இருப்பது என்று பொருளல்ல. வீட்டில் அடி உதை இருந்தால் பெண்ணும் பிள்ளைகளும் பாதுகாப்பாக இருப்பதே முதல் காரியம். சேர்ந்து அமர்ந்து பேசுவது அதற்குப் பிறகுதான். பெண்களுக்கான உதவி எண் 181. குடி, போதைப் பழக்கத்திலிருந்து விடுபட ஆலோசனைக்கு 14446 என்ற கட்டணமில்லா எண் உண்டு. நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்வதில் வெட்கம் எதுவும் இல்லை.

பங்கு மக்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. திருமண வீட்டிலும் திருவிழா நாளிலும், "ஒரு நாள்தானே மாப்ளே" என்று குவளையை நீட்டும் கை நம் கையாக இருக்கக் கூடாது. அன்பியக் கூட்டங்களில் குடித்தவரைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, அவர் வீட்டாரைப் பார்க்கப் போவோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று அந்த மனைவியிடம் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

மூத்த மகன் கடைசியில் உள்ளே வந்தானா என்று இயேசு சொல்லவில்லை. அந்த முடிவை நம் வீடுகள்தான் எழுத வேண்டும். ஒன்று மட்டும் நமக்கு உறுதியாகத் தெரியும். தந்தை அவனைத் திட்டவில்லை, அவன் கோபத்தைப் பொய் என்றும் சொல்லவில்லை. அருகில் நின்று கேட்டார். தமக்குள்ளதெல்லாம் அவனுடையதே என்று உறுதி சொன்னார். அதன் பிறகே தம்பிக்காக மகிழ அழைத்தார்.

மன்றாடுவோம்: இரக்கத்தின் தந்தையே, குடியை விட்டுத் திரும்பும் எங்கள் சகோதரருக்கு உறுதியைத் தாரும். அவருக்காகக் காத்திருந்து களைத்த மனைவியருக்கும் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் உமது ஆறுதலைத் தாரும். இரு சாராரும் ஒரே பந்தியில் அமரும் நாளை எங்கள் இல்லங்களில் காணச் செய்தருளும். ஆமென்.