சுற்றுப்புறச் சுகாதார ஆராய்ச்சியும் சார்பற்ற ஆலோசகர்களும்

(ஊராட்சி ஒன்றிய அளவில் நடைபெற்ற சுகாதாரப் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)





குடிநீர், கழிவுநீர், குப்பை, அடுப்புப் புகை ஆகியவற்றைப் பற்றி வல்லுநர்கள் இம்முகாமில் விளக்கமாக எடுத்துரைத்தார்கள். நீரில் இன்ன பொருள் இவ்வளவுக்கு மேல் இருத்தலாகாது, காற்றில் நுண்துகள் இவ்வளவுக்கு மேல் மிகலாகாது என்று பல அளவுகளையும் குறிப்பிட்டார்கள். அந்த அளவுகளைக் கண்டு சொன்னவர்கள் ஆராய்ச்சியாளர்கள். அவர்கள் சொன்னது சரிதானா என்று பார்த்தவர் யார்? இந்தக் கேள்வியைப் பற்றியே நான் இன்று பேச விரும்புகிறேன்.

பாலம் இடிந்தால் கண்ணுக்குத் தெரியும். ஏரிக்கரை உடைந்தால் ஊரே திரண்டு விடும். சுற்றுப்புறக் கேடு அவ்வாறு வருவதில்லை. குடிநீரில் மிகுந்த ஃப்ளோரைடு பல்லில் கறையாகவும் எலும்பில் வளைவாகவும் வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் செல்லும். புகையால் நுரையீரல் நலிவதும் அப்படியே. ஒரு கிராமத்தில் பத்துப் பேருக்கு இருமல் வந்தால் அது புகையாலா, பீடியாலா, வேறு நோயாலா என்று வெறும் கண்ணால் கூற இயலாது. ஆயிரக்கணக்கான மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துக் கணக்கிட்டால்தான் உண்மை புலப்படும். அந்தக் கணக்கைச் சரிபார்க்கும் வசதி நமக்கு இல்லை. ஆகவே நாம் நம்ப வேண்டியவர்களாக இருக்கிறோம். நம்ப வேண்டியவனுக்கு, நம்பிக்கைக்கு ஆதாரம் கேட்கும் உரிமையும் உண்டு.

இந்த ஆதாரம் எத்தகையது என்பதை நம் அலுவலகப் பழக்கத்திலிருந்தே விளங்கிக் கொள்ளலாம். ஒன்றியத்தில் ஒரு சாலை போடுகிறோம். போட்டவர் ஒப்பந்தக்காரர். அவர் சொல்லும் நீள அகலத்துக்குப் பணம் கொடுப்பதில்லை. ஓவர்சீயர் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதுகிறார். அவர் எழுதியதை மேலதிகாரி மீண்டும் அளந்து பார்க்கிறார். பின்னர் தணிக்கையாளர் வருகிறார். இதில் யாரையும் திருடர் என்று கருதுவதாக அர்த்தம் இல்லை. வேலை செய்தவரே அளவு எழுதலாகாது; பணம் கொடுப்பவர் விருப்பத்துக்கு அளவு நீளவோ குறையவோ கூடாது. இவ்வளவுதான் இதன் தத்துவம். முந்நூறு மீட்டர் சாலைக்கு வேண்டிய இந்தக் காவல், கோடிக்கணக்கான மக்களின் சுவாசத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு வேண்டாமா?

காரீயப் பெட்ரோல் கற்பித்த பாடம்

இந்தக் காவல் இல்லாதபோது என்ன நேர்ந்தது என்பதற்கு அமெரிக்க நாட்டில் ஒரு வரலாறு உண்டு. 1923-ஆம் ஆண்டில் அங்கே ஒரு புதுவகைப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. மோட்டார் எஞ்சினில் எழும் தட்டலொலியை அடக்குவதற்காக அதில் காரீயச் சேர்மம் ஒன்றைக் கலந்திருந்தார்கள். நம் பித்தளைப் பாத்திரங்களுக்குப் பூசும் வெள்ளீயம் வேறு. இது நச்சுத்தன்மை வாய்ந்த காரீயம். 1924 அக்டோபரில் நியூ ஜெர்ஸி மாகாணத்தில் அதைத் தயாரித்த ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் சித்தம் கலங்கி மாண்டார்கள். மேலும் பலர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள்.

1925-இல் அந்நாட்டு அரசின் தலைமை மருத்துவ அதிகாரி ஒரு மாநாட்டைக் கூட்டினார். அதையொட்டி அமைந்த குழு, இப்பெட்ரோலைத் தடை செய்யப் போதிய காரணம் அப்போதைக்கு இல்லை என்றும், ஆராய்ச்சி தொடர்ந்து நடைபெற வேண்டும் என்றும் 1926-இல் அறிக்கை அளித்தது. ஆராய்ச்சி தொடர்ந்தது, ஆனால் அதன் பெரும்பகுதி அந்தத் தொழிலை நடத்தியவர்களின் பணத்திலேயே சுமார் நாற்பது ஆண்டுகள் நடந்தது. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 1930-இல் அமைந்த கெட்டரிங் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவராக இருந்த டாக்டர் ராபர்ட் கீஹோ, காரீயச் சேர்மத்தை விற்ற கம்பெனியின் மருத்துவ இயக்குநராகவும் இருந்தார். காரீயம் மனித உடலில் இயல்பாகவே இருப்பது, ஓர் எல்லை வரை அதனால் தீங்கில்லை என்பது அவர் முடிவு. அதனை மறுத்து அளந்து பார்க்க வேறு குழு எதுவும் அவர் தலைக்கு மேல் இல்லை.

1965-இல் கிளேர் பேட்டர்சன் என்ற புவி வேதியியலார், மனித உடலில் காணப்படும் காரீயம் இயற்கையான அளவைக் காட்டிலும் மிகப் பன்மடங்கு கூடியது என்று எழுதினார். 1979-இல் டாக்டர் ஹெர்பர்ட் நீடில்மேன் பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரித்துச் சோதித்து, பல்லில் காரீயம் மிகுந்த பிள்ளைகள் அறிவுச் சோதனையில் பின்தங்கியிருப்பதைக் காட்டினார். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டில் காரீயப் பெட்ரோல் நீங்கியது. உலகில் கடைசியாக அல்ஜீரியா நாடு 2021-இல் அதனை நிறுத்தியது. முதல் விற்பனைக்கும் கடைசி விற்பனைக்கும் இடையே ஏறத்தாழ நூறு ஆண்டுகள். அத்தனை தலைமுறைப் பிள்ளைகள் அந்தக் காற்றைச் சுவாசித்தார்கள்.

டாக்டர் கீஹோ நல்லவரா, அல்லரா என்று தீர்ப்புக் கூறுவது நமது வேலையன்று. தாம் கண்டதை அவர் மனமார நம்பியே இருக்கலாம். நல்லெண்ணம் உள்ளவருக்கும் தம் முடிவின்மீது பற்று உண்டு என்பதால்தான் பிறர் பார்வை தேவைப்படுகிறது.

இரண்டு குழுக்கள்

இந்தப் பாடத்துக்குப் பின் தோன்றிய நிலையங்களில் ஒன்றை எடுத்துக் கொள்வோம். 1980-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் 'ஹெல்த் எஃபெக்ட்ஸ் இன்ஸ்டிடியூட்' என்ற நிலையம் தொடங்கப்பெற்றது. மோட்டார் புகையாலும் பிற காற்று மாசாலும் உடலுக்கு நேரும் தீங்கை ஆராய்வது அதன் பணி. செலவில் பாதி அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும், மறுபாதி மோட்டார் உற்பத்தியாளர்களும் கொடுப்பது என்று ஏற்பாடாயிற்று. ஒருவர் சட்டம் இடுபவர். மற்றவர் சட்டத்துக்கு உட்படுபவர். இருவரும் பணம் கொடுத்தார்கள்; இருவருக்கும் முடிவில் கை வைக்கும் உரிமை இல்லை.

அதன் நிர்வாகக் குழுவுக்கு முதல் தலைவராக அமர்ந்தவர் ஆர்ச்சிபால்டு காக்ஸ் என்ற சட்டப் பேராசிரியர். வாட்டர்கேட் வழக்கில் ஜனாதிபதி நிக்ஸனிடமே ஒலிநாடாக்களைக் கேட்டு வற்புறுத்தி, அதற்காக 1973-இல் பதவி நீக்கம் பெற்றவர் அவர். அப்படிப்பட்டவர் தலைமை வகித்ததே ஓர் உத்தரவாதமாயிற்று.

அந்த அமைப்பில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது, அது நியமித்த இரண்டு நிபுணர் குழுக்கள். ஒன்று ஆராய்ச்சிக் குழு. எதை ஆராய்வது, யாரிடம் கொடுப்பது என்று தீர்மானித்து, நடக்கும் வேலையைக் கண்காணிப்பது அதன் கடமை. மற்றொன்று மதிப்பீட்டுக் குழு. ஆராய்ச்சியைத் தேர்ந்தெடுப்பதிலும் நடத்துவதிலும் இதற்குப் பங்கே கிடையாது. முடிந்து வந்த அறிக்கையைப் படித்து, குறை நிறைகளை எழுதுவதே இதன் வேலை. அறிக்கையும் இக்குழுவின் குறிப்பும் சேர்ந்தே அச்சாகும். முடிவு யாருக்குச் சாதகம், யாருக்குப் பாதகம் என்று பார்த்து எதனையும் நிறுத்தி வைப்பதில்லை என்பது விதி. நம் ஓவர்சீயரும், அவர் அளவை மீண்டும் அளப்பவரும் வெவ்வேறு ஆட்களாக இருப்பது போன்றதே இது.

ஆறு நகரங்களின் கணக்கு

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பெருஞ்சோதனை வந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் அமெரிக்காவின் ஆறு நகரங்களில் 8,111 பேரைப் பதினான்கு முதல் பதினாறு ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்து, 1993-இல் தம் முடிவை வெளியிட்டார்கள். புகைபிடித்தல் முதலிய பிற காரணங்களைக் கணக்கில் கழித்த பிறகும், மிகுந்த மாசுள்ள ஸ்டூபன்வில் நகரத்தாரின் மரண விகிதம், மாசு குறைந்த போர்ட்டேஜ் நகரத்தாரினும் 26 சதவிகிதம் கூடுதலாக இருந்தது. தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவான நுண்துகளே இதனுடன் நெருங்கிய தொடர்புடையதாகக் காணப்பட்டது. 1997-இல் அமெரிக்க அரசு அத்துகளுக்கு முதன்முறையாக வரம்பு விதித்தது.

தொழில் துறையினர் ஆட்சேபித்தார்கள். மூலக் கணக்கை வெளியிட வேண்டும் என்றார்கள். ஆராய்ச்சியாளர்களோ, தம்மைப் பற்றிய விவரங்கள் இரகசியமாக இருக்கும் என்று வாக்குப் பெற்ற மக்களின் நோய், மரண விவரங்களைச் சந்தையில் கொட்ட முடியாது என்றார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. வழி காட்டியது சார்பற்ற குழுவே. ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் ஏடுகளை மேற்சொன்ன நிலையத்திடம் ஒப்படைத்தது. அந்நிலையம் கனடா நாட்டின் டேனியல் க்ரூஸ்கி தலைமையில் ஒரு புதிய குழுவிடம் வேலையைக் கொடுத்து, மேற்பார்வைக்கு ஒரு நிபுணர் குழுவையும், முடிவை மதிப்பிட வேறொரு குழுவையும் அமைத்தது.

2000-ஆம் ஆண்டில் அறிக்கை வந்தது. ஏடுகள் ஒழுங்காக இருந்தன. பழைய முடிவு நிலைத்தது. 26 சதவிகிதம் என்று கண்ட இடத்தில் புதிய கணக்கு 28 சதவிகிதம் என்று காட்டிற்று. அதனினும் முக்கியமான ஒன்று புதிதாகத் தெரிந்தது: கல்வி குறைந்த மக்களிடையே இந்தத் தீங்கு மிகுதி. எளியவர்மீது சுமை கூடுதல் என்ற உண்மை, மீண்டும் அளந்ததனால் வெளிப்பட்டது. வரம்பை அறிவிப்பதற்கு இந்த மறு ஆய்வு முடியட்டும் என்று அரசு காத்திருக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். சரிபார்ப்பது வேறு, சரிபார்ப்பதாகச் சொல்லிக் காலம் கடத்துவது வேறு.

நம் வாசலில்

இது தொலைதூரச் செய்தி என்று எண்ண வேண்டாம். இதே நிலையத்தின் ஆதரவில் சென்னை, டில்லி ஆகிய இரு நகரங்களில் காற்று மாசையும் அன்றாட மரணங்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள் நடைபெற்று 2011-இல் வெளியாயின. நம் கிராமங்களுக்கே வந்த ஆராய்ச்சியும் உண்டு. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிப் பெண்களைச் சேர்த்து நடந்த ஆய்வு அது. இந்தியப் பகுதி தமிழ்நாட்டில், விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டக் கிராமங்களில் நடைபெற்றது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் அதில் பங்கு கொண்டனர். பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாக அளித்தார்கள். மற்றவர்கள் விறகடுப்பிலேயே சமைத்தார்கள். ஆய்வை நடத்தியோர் அல்லாத சார்பற்ற கண்காணிப்புக் குழு ஒன்று, பெண்களின் நலனையும் கணக்கின் தரத்தையும் பார்த்து வந்தது.

2022-இல் முடிவு வெளியாயிற்று. எரிவாயு பெற்ற பெண்கள் சுவாசித்த நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 23.9 மைக்ரோகிராம், விறகடுப்புப் பெண்களுக்கு 70.7. இத்தனை குறைந்தும், பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எடை கூடும் என்று எதிர்பார்த்தே ஆய்வைத் தொடங்கினார்கள். எதிர்பார்த்தது கிட்டாதபோதும் அதனை மறையாது வெளியிட்டார்கள். புகை குறைந்தது நன்மையே; ஆனால் கர்ப்ப காலத்தின் நடுவே அடுப்பை மாற்றுவது மட்டும் குழந்தையின் எடைக்குப் போதாது என்று நாம் இன்று அறிகிறோம். இனிப்பான பொய்யைக் காட்டிலும் இந்த உண்மை நம் செவிலியர்களுக்குப் பயன்படும். தாயின் உணவையும் இரத்தச் சோகையையும் கவனிப்பதில் அவர்கள் தளர மாட்டார்கள் அன்றோ?

ஆலோசகர் எப்படிப்பட்டவர்?

குழு என்று பெயர் வைத்துவிட்டால் சார்பின்மை தானே வந்துவிடாது. நியமிப்பவர் தம் நண்பர்களையே நியமித்தால் அது அலங்காரம். உறுப்பினர் தமக்குள்ள பண உறவுகளை எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். பதவிக்குக் காலவரையறை வேண்டும். ஒரே துறையார் மட்டும் கூடினால் ஒரே குறையை எல்லோரும் காணத் தவறுவர். ஆகவே மருத்துவர், புள்ளியியலார், பொறியாளர், சட்டம் அறிந்தவர் எனப் பலரும் வேண்டும். அவர்கள் கூறிய மறுப்பும் ஏட்டில் ஏற வேண்டும். ஆலோசனை என்பது உத்தரவு அன்று. கேட்காமல் விடவும் கூடும். பகிரங்கமாக எழுதப்பட்ட ஆலோசனையைக் கேட்காமல் விடுவது மட்டும் அவ்வளவு எளிதன்று.

நம் நாட்டிலும் விதி இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, மக்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அக்குழுவின் தலைவர் அந்த நிறுவனத்தைச் சாராதவராக இருத்தல் வேண்டும். மருத்துவம் பயிலாத பொதுமக்களில் ஒருவரும் அதில் இடம் பெற வேண்டும். இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியரோ மகளிர் குழுத் தலைவியோ நாளை அந்த இடத்துக்கு அழைக்கப்படலாம். 'எனக்கென்ன தெரியும்?' என்று விலக வேண்டாம். விளங்காததை விளங்கவில்லை என்று துணிந்து கேட்பதே அந்த இடத்தில் அமர்பவரின் முதற்பணி.

ஆகவே, உங்கள் ஊருக்கு ஆராய்ச்சியாளர் வந்தால் அன்புடன் வரவேற்று, நான்கு கேள்விகள் கேளுங்கள். இதற்குப் பணம் யாருடையது? உங்களை மேற்பார்ப்பவர் யார், அவரை நியமித்தவர் யார்? நெறிமுறைக் குழுவின் அனுமதி எங்கே? முடிவு எதுவாயினும் எங்கள் கிராம சபையில் வந்து சொல்வீர்களா? நேர்மையான ஆராய்ச்சியாளர் இக்கேள்விகளால் மகிழ்வாரேயன்றி வருந்த மாட்டார். பதிலை ஊராட்சிப் பதிவேட்டில் எழுதி வையுங்கள்.

நம் இரத்தத்தையும் நீரையும் காற்றையும் அளக்க இடம் கொடுப்பவர்கள் நாம். அந்த அளவு சரியாக இருக்க வேண்டும் என்று கேட்பதற்கு நம்மைக் காட்டிலும் உரிமை உடையவர் எவரும் இல்லை.