திருக்கை மீனின் இரையும் ஈற்றும்

(கடலோரக் கிராமமொன்றின் மீனவர் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



கடலிலேயே பிறந்து வளர்ந்த உங்களிடம் மீனைப்பற்றிப் பேச வருவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலாகும். ஆயினும், திருக்கையின் ஜீவிதத்தில் சில சங்கதிகள் சங்கத்தின் வரவு செலவோடு நேரே சம்பந்தப்பட்டவையாதலால், அவற்றை மாத்திரம் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

திருக்கை தரையோடு தரையாய்ப் படுத்து வாழ்வது. மணலைத் துடுப்பினால் மேலே வாரிப் போட்டுக்கொண்டு கண்களை மாத்திரம் வெளியே நீட்டிக் கிடக்கும். வாயோ வயிற்றுப் புறத்தில் மணலில் புதைந்துள்ளது. வாயால் நீரை இழுத்தால் மண்ணும் கூட வருமன்றோ? ஆகவே கண்களுக்குப் பின்னாலுள்ள இரண்டு துவாரங்களால் நீரை இழுத்து, அடிப்புறத்து ஐந்து ஜோடிச் செவுள் துளைகளின் வழியே வெளிவிடுகிறது.

கண் மேலேயும் வாய் கீழேயும் இருப்பதால், தான் தின்னும் இரையைத் திருக்கை கண்ணால் காண்பதில்லை. மோப்பத்தாலும், அதனினும் விந்தையான வேறொரு புலனாலும் அறிகிறது. வாயைச் சுற்றிலும் பசை நிறைந்த நுண்ணிய துளைகள் அநேகம் உள்ளன. உயிருள்ள ஒவ்வொரு பிராணியின் உடலிலிருந்தும் மிகச் சொற்பமான மின்சாரம் நீரில் கசிகிறது. மணலுக்குள் பதுங்கிய நண்டின் மின்சாரத்தையும் இத்துளைகள் உணர்ந்துவிடும். உடனே திருக்கை வாயால் நீரைப் பீச்சியும் துடுப்பை அடித்தும் குழி பறித்து, நண்டு, இறால், சிப்பி, மண்புழுவையொத்த கடற்புழு, சிறு மீன் முதலியவற்றை உறிஞ்சிக்கொள்ளும். அதன் பற்கள் கூர்மையானவையல்ல. தளவரிசைக் கல் பாவினாற்போலத் தட்டையாக அடுக்கியவை. பெரிய திருக்கைகளில் சில வகை, கெட்டியான சிப்பியையும் அவற்றால் நொறுக்கும்.

இனி ஈற்றைப்பற்றிச் சொல்லுகிறேன். இதுவே நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. வஞ்சிரம் லக்ஷக்கணக்கான முட்டைகளை நீரில் சொரிந்துவிட்டுப் போகும். திருக்கை அப்படியன்று. பல மாதம் வயிற்றில் சுமந்து குட்டியாகவே ஈனும். கருப்பையின் உட்சுவரிலிருந்து சுரக்கும் பால் போன்ற திரவத்தைக் குடித்தே குட்டி வளர்கிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கத் திருக்கைக் குழம்பு கொடுக்கும் நம் தாய்மார் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். குட்டியின் வால்முள்ளும் பிறக்கும்போது உறையிட்டு மெத்தென்றிருக்கும், தாயைக் குத்தாது. ஆனால் ஓர் ஈற்றில் பிறப்பவை ஒன்று அல்லது சிலவே. அவை வளர்ந்து தாமும் ஈனுவதற்குச் சில ஆண்டுகள் செல்லும்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. முட்டையிடும் மீன்களுக்கு இது பெரிய உதவி. திருக்கைக்கோ இவ்விரண்டு மாதம் போதாது. குறைந்தால் திரும்பப் பெருகப் பல வருஷமாகும். இதற்குத் திருஷ்டாந்தம் வேண்டுமானால் திருக்கையின் உறவான வேளாவைப் பாருங்கள். முன்பு நம் கரையில் சாதாரணமாய்க் கிடைத்த மீன். அதன் ரம்பக் கொம்பு எந்த வலையிலும் சிக்கிக்கொள்ளும். இன்று அதைக் காண்பதே அரிது. 2001-ஆம் ஆண்டில் வேளா வகைகள் சிலவும், உடலெங்கும் முள் நிறைந்த முட்திருக்கையும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டன. இவை வலையில் பட்டால் கயிற்றை அறுத்தாவது விட்டுவிடவேண்டுமேயன்றி, கிரயம் பேசலாகாது.

திருக்கைவலை வாங்கச் சங்கம் கொடுக்கும் கடனுக்கு ஐந்து வருஷத் தவணையென்றால், அவ்வைந்து வருஷமும் கடலில் திருக்கை இருந்தாக வேண்டும். ஆகையால் விரித்த கையின் அகலங்கூட இல்லாத குட்டிகளைச் சங்கத்தின் ஏலத்தில் எடுப்பதில்லையென்று நீங்களே தீர்மானிக்கலாம். வலையில் பட்ட சூல்திருக்கை படகிலேயே குட்டி போட்டுவிடுவது உங்களுக்குத் தெரிந்ததே. அவற்றுள் முதிர்ந்து துடிக்கும் குட்டியை உடனே நீரில் விடலாம். ஒரு குட்டியின் விலை எவ்வளவு கிடைத்துவிடப் போகிறது?

பிடித்த திருக்கையைக் கெடவிடுவதும் நஷ்டமே. இதன் இரத்தத்திலும் தசையிலும் யூரியா என்னும் பொருள் மிகுதி. மீன் செத்தபின் நுண்கிருமிகள் அதை அம்மோனியாவாக மாற்றுவதால்தான் மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம் எழுகிறது. படகிலேயே குடலை நீக்கி, இரத்தம் போகக் கழுவிப் பனிக்கட்டியில் வைத்தால் விலை குறையாது. கருவாடு போடுவோரும் அன்றைக்கே உப்பிட வேண்டும்.

கடைசியாக, வால்முள் தைத்தவருக்குச் செய்யவேண்டியது. அவ்விஷம் சூட்டினால் வலுவிழக்கும். காயத்தைக் கழுவி, பொறுக்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைக்கவேண்டும். சூடு 45 டிகிரிக்கு மேற்படலாகாது. நோயில்லாத கையை விட்டுப் பார்த்த பிறகே காயம்பட்ட உறுப்பை வைக்கவும். கயிற்றால் இறுகக் கட்டுதல் கூடாது. முள் ஒடிந்து உள்ளே தங்கினாலும், மார்பிலோ வயிற்றிலோ தைத்தாலும், அதைப் பிடுங்காமல் அப்படியே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லவேண்டும்.