பளபளப்புக்குக் கீழே என்ன இருக்கு? பழைய காரும் பட்டறைப் பஞ்சாயத்தும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்; திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

போன எபிசோடுல பழைய காருக்கு ஸ்பேர் தேடி அலையற கதையைப் பேசினோம். அதுக்கு வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "காரை ரெஸ்டோரேஷனுக்குக் கொடுத்தேன். பணம் போச்சு, நாளும் போச்சு, வேலை சரியில்லை. இப்ப என்ன பண்றது?" இன்னைக்கு அதை மட்டும் பேசலாம். முதல்ல என் கதையைச் சொல்லிடறேன். ஏன்னா இதுல நானும் அடிபட்டவன்தான். தப்புல எனக்கும் பங்கு இருக்கு.

எங்க அப்பாகிட்ட ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இருந்தது. இங்கிலாந்தோட டிரையம்ஃப் ஹெரால்டை வச்சு, நம்ம மெட்ராஸ்லயே ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி 1960கள்ல தயாரிச்ச வண்டி. அப்பா செகண்ட் ஹேண்டா வாங்கினது. நான் பள்ளிக்கூடம் போனது, அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனது எல்லாம் அதுலதான். அப்புறம் இருபது வருஷம் ஷெட்டுல தார்ப்பாய் போர்த்தி நின்னுச்சு.

2016 ஜனவரியில அதை ஒரு பட்டறையில விட்டேன். அப்பாவுக்கு அப்ப 77 வயசு. "எட்டு மாசம், நாலரை லட்சம்" அப்படின்னாங்க. வாய்வார்த்தைதான். ஒரு விசிட்டிங் கார்டுக்குப் பின்னாடி பேனாவுல எழுதின தொகை, அவ்வளவுதான் எங்க ஒப்பந்தம். வண்டி வந்தது 2018 ஏப்ரல்ல. மொத்தச் செலவு ஏழு லட்சத்தி எண்பதாயிரம். ஆனா பார்க்க அப்படி ஒரு அழகு. அப்பா வாசல்ல நின்னு பானெட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். நானும் மிச்சப் பணத்தைச் சந்தோஷமா கொடுத்துட்டேன்.

அந்த வருஷ மழைக்காலம் முடியறதுக்குள்ள பின்சக்கர வளைவுல பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா கிளம்பிடுச்சு. டிரைவர் பக்கத்துக் கதவு தொங்க ஆரம்பிச்சது, தூக்கிப் பிடிச்சு மூடணும். வேற ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட காட்டினேன். அவர் ஒண்ணும் பேசலை. பையில இருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து வளைவுல வச்சார். ஒட்டலை. ஒரு சாண் தள்ளி வச்சார். அங்கயும் ஒட்டலை. "தம்பி, இங்க தகரமே இல்ல, பட்டிதான் இருக்கு"ன்னார்.

பட்டி, துரு, கதவு இடைவெளி

கொஞ்சம் டெக்னிக்கலா பார்க்கலாம். டிங்கரிங் முடிஞ்சதும் மேடுபள்ளத்தைச் சமப்படுத்த லேசா பட்டி போடறது தப்பே இல்லை. எல்லாப் பட்டறையும் போடும். ஆனா அது இரண்டு, மூணு மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். துருப்பிடிச்ச தகரத்தை வெட்டி எடுத்துட்டு, புதுத் தகரம் வெல்டிங் பண்ணி, அதுக்கு மேல மெல்லிசா பட்டி போட்டா அது வேலை. துருவை வெட்டாம அது மேலயே பட்டியை அப்பினா அது மூடி மறைக்கிறது. முதல் நாள் இரண்டும் ஒரே மாதிரிதான் மின்னும். ஒரு மழைக்காலம் போகணும் வித்தியாசம் தெரிய.

கதவு விஷயம் இன்னும் சுவாரசியமானது. ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ். பாடி அது மேல துண்டு துண்டா போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். சேசிஸ்ல இருந்து பக்கவாட்டுல நீட்டிக்கிட்டிருக்கிற தாங்கிகள்தான் பாடியைத் தூக்கிப் பிடிக்குது. முதல்ல துருப்பிடிக்கிறதும் அதுதான். அதை மாத்தும்போது பாடிக்கு முட்டுக் கொடுத்து, கதவு இடைவெளியை அளந்து, போல்டுக்கு அடியில சரியான தகடு வச்சு இறுக்கணும். அளக்காம வெல்டிங் வச்சா, கதவு ஜென்மத்துக்கும் உட்காராது.

இன்னொண்ணு. இந்த வண்டியோட முன்சக்கரத்துக்கு அடியில டிரன்னியன்னு ஒரு பாகம் இருக்கு. அதுக்கு கியர் ஆயில் விடணும். நம்ம பட்டறைகள்ல பழக்கதோஷத்துல கிரீஸ் அடிச்சிடுவாங்க. கிரீஸ் உள்ள போய்க் கெட்டியாகி, ஆயில் போற வழியை அடைச்சா, ஓடும்போதே முறியற அபாயம் இருக்கு. இதுல யாரும் யாரையும் ஏமாத்தலை. அந்த வண்டியைப் பத்தித் தெரியலை, அவ்வளவுதான். மோசடி வேற, அறியாமை வேற. சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி நம்மளுது எதுன்னு பிரிச்சுப் பார்க்கணும்.

பட்டறைக்காரர் சொன்னது

நான் கோபமா அந்தப் பட்டறைக்குப் போனேன். ஓனர் ஒரு விஷயம் சொன்னார், இன்னைக்கும் எனக்கு உறுத்துது. "சார், பாடியைப் பிரிச்சதும் கூப்பிட்டுச் சொன்னேன், அடி முழுக்கப் போயிருக்கு, இன்னும் ரெண்டு லட்சம் ஆகும்னு. நீங்கதான் 'அதெல்லாம் பார்த்துக்கோங்க, பட்ஜெட்டுக்குள்ள முடிங்க, அப்பாவுக்கு வயசாயிடுச்சு'ன்னு சொன்னீங்க."

உண்மைதான். சொன்னேன். என் அர்த்தம் "சிக்கனமா, ஆனா ஒழுங்கா பண்ணுங்க". அவர் எடுத்துக்கிட்டது "மூடி அனுப்புங்க". அவர் என்கிட்ட வெளிப்படையா சொல்லாம பட்டி போட்டது தப்பு. நான் போன்ல ஒரு வார்த்தையில முடிச்சதும் தப்பு.

அவங்க பக்கத்துல வேற நியாயமும் இருக்கு. பெயிண்டைச் சுரண்டற வரைக்கும் துரு எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது. ஸ்பேருக்குப் புதுப்பேட்டையில நாள் கணக்கா அலையணும், கிடைக்கலைன்னா லேத்துல கடைஞ்சு எடுக்கணும். ஓனர் நடுவுல ஆறு மாசம் பணம் அனுப்ப மாட்டார். வண்டி இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்கும். அந்த நேரத்துல அன்றாட சர்வீஸ் வேலை வந்தா ஆளுங்க அங்கதான் போவாங்க. வாடகை கட்டணுமே.

"ரெஸ்டோரேஷன்"ங்கிற வார்த்தைக்கும் ஆளுக்கொரு அர்த்தம். ஓடினா போதும்னு ஒருத்தர். ஃபேக்டரியில இருந்து வந்த மாதிரி திருகாணி வரைக்கும் வேணும்னு ஒருத்தர். இரண்டுக்கும் நடுவுல பல லட்சம் வித்தியாசம். எது வேணும்னு எழுதலைன்னா சண்டை அன்னைக்கே ஆரம்பிச்சாச்சு.

சட்டம் என்ன சொல்லுது?

நிறைய பேர் கேட்டது, "பணம் தராம வண்டியைத் தர மாட்டேங்கிறாங்க, அது சரியா?"ன்னு. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்துல 170ஆவது பிரிவு இருக்கு. ஒரு பொருள் மேல உழைப்போ திறமையோ செலவழிச்சு, ஒப்புக்கிட்ட வேலையை முடிச்சவர், கூலி வர்ற வரைக்கும் அந்தப் பொருளைத் தன்கிட்டயே வச்சுக்கலாம். வேற மாதிரி ஒப்பந்தம் இருந்தா அந்த உரிமை கிடையாது. சட்டத்துலயே உதாரணம் இருக்கு: பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தை நகைக்காரர் கூலிக்காக வச்சுக்கலாம். ஆனா மூணு மாசம் கடன் தர்றேன்னு ஒப்புக்கிட்ட தையல்காரர் கோட்டைப் பிடிச்சு வைக்க முடியாது. நமக்கும் அதே கணக்குதான். அதனால ராத்திரியோட ராத்திரியா ஆள் வச்சு வண்டியைத் தூக்கிட்டு வர்ற வேலை வேண்டாம். அதே சட்டத்துல 151ஆவது பிரிவு, நம்ம பொருள் அவங்ககிட்ட இருக்கிற வரைக்கும் சொந்தப் பொருள் மாதிரி பத்திரமா பார்த்துக்கணும்னு சொல்லுது. வெயில்லயும் மழையிலயும் போட்டு வச்சிருந்தா நாம கேள்வி கேட்கலாம்.

வேலையில குறைன்னா, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. நீங்க கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள்ளன்னா மாவட்ட ஆணையத்துல மனு போடலாம். 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த நாள்ல இருந்து இரண்டு வருஷத்துக்குள்ள போடணும். முதல்ல பேசிப் பார்க்கிறதுக்கு 1915ங்கிற தேசிய உதவி எண் இருக்கு. ஆனா ஒண்ணு. ஆணையம் கேட்கப்போறது உங்க வருத்தத்தை இல்லை, ஆதாரத்தை. வேற பட்டறைக்கு எடுத்துட்டுப் போய்ப் பிரிச்சுச் சரி பண்ணிட்டா ஆதாரமும் போயிடும். அதுக்கு முன்னாடி போட்டோ, வீடியோ, சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கோட எழுத்துமூலமான அறிக்கை, எல்லாம் எடுத்து வச்சுக்குங்க. பட்டறைக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பி, வந்து பார்க்கவும் வாய்ப்புக் கொடுங்க.

இன்னொரு சிக்கல். 2021ல வின்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு விதி வந்தது. 50 வருஷத்துக்கு மேலான, சேசிஸ், பாடி, எஞ்சின்ல பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் அந்த 'வி.ஏ.' நம்பர். உங்களைக் கேட்காம பட்டறையில வேற எஞ்சின் ஏத்திட்டா, அந்தத் தகுதியே கேள்வியாயிடும். சாதாரணப் பதிவா இருந்தாலும் எஞ்சின் மாத்தினா ஆர்.சி. புக்குல ஏத்தணும். அதனால வண்டியை விடறதுக்கு முன்னாடியே எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் பென்சில் பிரிண்ட் எடுத்து வச்சுக்கோங்க.

ஒரு பக்கம் போதும்

வக்கீல் பத்திரம் வேண்டாம். ஒரு பக்கத்துல இதை மட்டும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. எந்த அளவுக்கு வேலை. முதல்ல பிரிச்சுப் பார்க்கிறதுக்கு மட்டும் தனிக்கூலி. பிரிச்ச பிறகுதான் மொத்த எஸ்டிமேட். கூடுதல் செலவுன்னா வாட்ஸ்அப்புல போட்டோ போட்டு, நாம சரின்னு எழுதின பிறகுதான் தொடணும். பணம் கட்டம் கட்டமா: தகர வேலை முடிஞ்சதும் இவ்வளவு, எஞ்சின் முடிஞ்சதும் இவ்வளவு. கழட்டின பழைய பாகங்களைத் திருப்பித் தரணும். முக்கியமா, பிரைமர் அடிக்கறதுக்கு முன்னாடி நாம ஒரு தடவை நேர்ல போய் வெறும் தகரத்தைப் பார்க்கணும். பெயிண்ட் ஏறின பிறகு பார்க்க ஒண்ணும் இருக்காது.

என் கதை எப்படி முடிஞ்சது? நான் கேஸ் போடலை. இரண்டு தடவை உட்கார்ந்து பேசினோம். தகர வேலைக்கான கூலியை அவர் விட்டுக்கொடுத்தார். தகரம், பெயிண்ட் செலவு என்னுது. இந்தத் தடவை சனிக்கிழமை சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். வெட்டி எடுத்த தகரத்தைக் கையில வாங்கினேன், அப்பளம் மாதிரி நொறுங்குச்சு. அஞ்சு மாசத்துல வேலை முடிஞ்சது. கதவு ஒரு விரல்ல மூடுச்சு.

அதுக்குள்ள அப்பாவுக்கு முட்டி முடியாம போயிடுச்சு, கிளட்ச் மிதிக்க முடியலை. நான் ஓட்ட, பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு "கியரை மாத்துடா, கியரை மாத்துடா"ன்னு வர்ற வழியெல்லாம் திட்டிக்கிட்டே வந்தார். ஒழுங்கா ஒரு பக்கம் எழுதி வச்சிருந்தா, ஒரு வருஷமாவது அவரே ஓட்டியிருப்பார். ஏழு லட்சத்தை விட எனக்கு அதுதான் கணக்குல நிக்குது.

உங்க அனுபவத்தையும் எழுதுங்க. பட்டறை வச்சிருக்கிறவங்களும் எழுதுங்க, உங்க பக்கத்தையும் கேட்கணும். அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.